கடல் பக்கத்துப் பதினோரு வரிசைகள்

“இதுக்கு மேல இனிப்பு ஏறாது, மேரே. இருபத்தொண்ணரை. லாரி வந்து நிக்குது, பறிக்கிற ஆளுங்களும் வந்து நிக்கிறாங்க.”

“குழல்ல பாத்தியா, வாயில போட்டுப் பாத்தியா?”

“ரெண்டுலயும்தான்.”

“பொய் சொல்லாத. கடல் பக்கத்துப் பழத்தை நீ வாயில போட்டு நான் பாத்ததே இல்ல. இந்தா. கொட்டையையும் சேத்துக் கடி.”

ரோரி கடித்தான். கடலுக்கு மேலே சூரியன் ஒரு சாண் ஏறியிருந்தது. ஒரு சொட்டுப் பழச்சாறு விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இனிப்பின் அளவைக் காட்டும் அந்தச் சின்னக் குழல் இன்னும் அவன் கையில் இருந்தது. அவன் எங்கள் பழத்தை வாங்கும் கம்பெனியின் ஒயின் தயாரிப்பாளன். பதினான்கு வருடமாக சிரா என்னும் எங்கள் கறுப்புத் திராட்சை முழுவதும் அவர்களுக்குத்தான் போகிறது. மேரே என் மனைவி. முழுப் பெயர் மெரியானா, ஆனால் எங்கள் ஊரான தே அவங்காவில் அப்படிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். நான் நெவில். இந்தக் கதையில் தப்புச் செய்தவன் நான்தான்.

“கொஞ்சம் பச்சை” என்று ஒப்புக்கொண்டான் ரோரி.

“கொஞ்சமா?”

“மேரே, எங்களுக்கு உங்ககிட்ட வேண்டியதே அதுதானே. பழுத்த பழம் எங்க மேட்டு நிலத்துல கொட்டிக் கிடக்கு. உங்ககிட்ட இருக்கறது மிளகு. அது போதும்.”

அவன் சொன்னது உண்மை. உள்நாட்டில், கடற்காற்று எட்டாத சரளை மேட்டில், சிரா கறுத்துத் தடித்து இனிக்கும். எங்கள் நிலமோ கூழாங்கல் கரையிலிருந்து கூப்பிடு தூரம். மதியம் இரண்டு மணிக்குக் கடற்காற்று கிளம்பினால் வெயில் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். இங்கே பழம் மெதுவாக, தயங்கித் தயங்கிப் பழுக்கும். அந்தத் தயக்கத்தில் அதற்கு ஒரு மிளகு வாசனை வரும். அப்போதுதான் அம்மியில் நுணுக்கிய கறுப்பு மிளகு, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு ஊதாப்பூ. கம்பெனி தன் பெரிய தொட்டிகளில் பத்தில் ஒரு பங்கு எங்கள் ஒயினைக் கலக்கும். சமையலில் கடைசியாகத் தூவுகிற சிட்டிகை மாதிரி. அதனால் ஊரில் எங்கள் தோட்டத்துக்கு ‘மிளகு டப்பா’ என்று பெயர். யாராவது அப்படிச் சொன்னால் மேரே சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எத்தனை சின்னது என்று எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்குக் கம்பெனியிலிருந்து அந்தக் கலவை ஒயின் ஆறு பாட்டில் வரும். முதல் பாட்டிலைத் திறந்ததும் மேரே கண்ணை மூடிக்கொண்டு கிளாஸுக்குள் மூக்கை விடுவாள். “இரு... இரு... இதோ இருக்கோம்” என்பாள். பிறகு, “போயிட்டோம்” என்று கிளாஸை மேஜையில் வைத்துவிடுவாள்.

இப்போது அவள் ரோரியின் கையிலிருந்த குலையை வாங்கி அதன் காம்பைக் காட்டினாள். “பாரு, புல்லு மாதிரி பச்சையா இருக்கு. ரோட்டுப் பக்கம் முப்பது வரிசை இருக்கு, எடுத்துட்டுப் போ. கடல் பக்கத்துப் பதினொண்ணைத் தொடாத. அதுங்க இன்னும் பேசி முடிக்கல.”

“சனிக்கிழமை தெக்க இருந்து மழை வருது.”

“வரட்டும்.”

“ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல?”

“படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. கம்பெனி சொல்கிற நாளில் லாரி வரும். அன்று லாரியில் ஏறாத பழம் எங்கள் பாடு. பிறகு அதைக் கம்பெனி சீந்தாது.

ரோரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். கெட்டவன் அல்ல. “நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்தப் பக்கத்துப் பழம் தனியா ஒயினா நிக்காது. வெறும் மிளகை வச்சு யாரு சாப்பாடு போட முடியும்?”

“போட்டுக் காட்டறேன்” என்றாள் மேரே. “நீ சாப்பிட வா.”

பதினோரு மணிக்குள் முப்பது வரிசையும் லாரியில் ஏறிப் போனது. தூசி அடங்கியதும் மேரே கடல் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள்.

“நெவ். வலை எங்க?”

நான் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன்.

“நெவ், வலை எங்க?”

அவளுடைய மாமா ஒருவர், அவள் சொந்தக்காரர்கள் இருக்கும் வைரோவாவில் இறந்துபோனார். எங்கள் ஊர் வழக்கப்படி மூன்று நாள் துக்க வீட்டிலேயே தங்கிவிட்டு முந்தின இரவுதான் வந்து படுத்திருந்தாள். அவள் இல்லாதபோது ரோரி போன் செய்து லாரி வரும் நாளைச் சொன்னான். பறிப்புக்கு முந்தின மாலையே பறவை வலையைக் கழற்றிவிடுவது இந்தச் சாலையில் எல்லோருடைய வழக்கமும். விடிந்ததும் ஆட்கள் வந்து வலைக்காகக் காத்து நிற்கக்கூடாது. நானும் வலை இயந்திரக்காரனைக் கூப்பிட்டு நாற்பத்தொரு வரிசையையும் மொத்தமாகச் சுருட்டச் சொல்லிவிட்டேன். ஒரு பகுதியை மட்டும் விட்டுவைக்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பதினான்கு வருடமாக அப்படி ஒரு கேள்வி எழுந்ததில்லை.

“உனக்குக் கை சும்மாவே இருக்காதா?”

“திரும்பப் போட்டுடலாம்.”

“எப்படிப் போடுவ? அந்தச் சுருள் ஒவ்வொண்ணும் ரெண்டு மாடு கனம். உங்கப்பனும் நீயும் சேந்து தூக்குவீங்களா?”

என் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. இயந்திரக்காரனுக்குப் போன் செய்தேன். அவன் அடுத்த வாரம் முழுக்க வேறு தோட்டங்களில் வேலை ஒத்துக்கொண்டிருந்தான். “எட்டு நாள் ஆகும் ப்ரோ” என்றான். “கழட்டினதைத் திரும்பப் போடச் சொல்ற முதல் ஆள் நீதான்.”

மதியத்துக்குள் மைனாக்கள் வந்துவிட்டன. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, கல்யாண வீட்டில் இலை போடக் காத்திருப்பவர்கள் மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தன. மைனாவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முழுப் பழமாக எடுத்துக்கொண்டு போய்விடும், அதோடு கணக்குத் தீர்ந்தது. வெள்ளைக்கண்ணிதான் நாசம். கட்டைவிரல் அளவுக் குருவி. ஒவ்வொரு பழத்திலும் ஒரு துளை போட்டு ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த பழத்துக்குப் போகும். அந்தத் துளையில் குளவி வரும், குளவிக்குப் பின்னால் பூஞ்சை வரும். ஒரு பழம் கெட்டால் குலையே கெட்டது.

ஆகவே நடந்தோம். அதற்கு வேறு வழி இல்லை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பதினோரு வரிசைக்குள்ளும் மேலும் கீழுமாக, பாத்திர மூடியைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு நடந்தோம். நான் ஒரு முனையில் விரட்டினால் அவை கூட்டமாக எழுந்து மறுமுனையில் இறங்கும். முதல் நாள் முடிவில் என் தொண்டை போய்விட்டது. மேரே என்னோடு பேசவில்லை. ஆனால் தேனும் இஞ்சியும் போட்ட வெந்நீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இரண்டாம் நாள் காலை ஹேரா ஆன்ட்டியின் பழைய வேன் வந்து நின்றது. மேரேயின் சித்தி அவர். தேவாலயப் பாடகர் குழுவுக்குத் தலைவி. வேனிலிருந்து ஏழு பெண்கள் இறங்கினார்கள், ஒவ்வொருவர் கையிலும் பாட்டுப் புத்தகம்.

“ஊரே பேசுது, நெவில் வலையைக் கழட்டிட்டான், பொண்டாட்டி வாயைப் பூட்டிக்கிட்டாளாம்னு” என்றார் ஆன்ட்டி. “எங்களுக்கு ஈஸ்டர் பாட்டுப் பயிற்சி இருக்கு. ஹாலுல பாடறதை இங்க நடந்துக்கிட்டே பாடறோம். குருவிக்குப் பயமா இருக்கும்ல?”

“உங்க குரலுக்கா ஆன்ட்டி? கடல் முனைப் பாறையில இருக்கற பறவையெல்லாம் எழுந்து ஓடிடும்.”

“வாயை மூடுடா. உன் குரலை நேத்துக் கேட்டோம். செத்த ஆடு மாதிரி.”

பாடினார்கள். நான்கு குரலாகப் பிரிந்து, வரிசைக்கு இரண்டு பேராக, மேல் குரல்காரர்கள் கடல் ஓரத்திலும் கீழ்க் குரல்காரர்கள் வேலி ஓரத்திலும். கொடிகளுக்குள்ளிருந்து பாட்டு எழுந்து வந்தது. ஆட்கள் தெரியவில்லை, தொப்பிகள் மட்டும் மிதந்துகொண்டு போயின. சாலையில் போன கார்கள் நின்றன. வெள்ளைக்கண்ணிகள் அந்தக் குழப்பத்தில் எங்கே இறங்குவது என்று தெரியாமல் வானத்தில் சுற்றின. பக்கத்துத் தோட்டக்காரன் கஸ் தன் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டான்:

“மிளகு டப்பாவுக்கு இப்ப கச்சேரி வேறயா?”

“உன் ஷார்டனே கொடிக்கும் வேணும்னா சொல்லு. ஆனா அது தூங்கிடும்” என்றாள் மேரே. இரண்டு நாளில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள். இது அந்தச் சின்னச் சிரிப்பு இல்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தார்கள். மதியத்தில் புகைபோட்ட மீனும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். தினமும் காலையில் மேரே ஒவ்வொரு வரிசையிலும் ஒரு குலையின் காம்பைத் திருப்பிப் பார்ப்பாள். பச்சை. இன்னும் பச்சை. குலை கொடியோடு சேரும் இடத்தில் லேசாக ஒரு பழுப்பு. பழத்தை வாயில் போட்டு, தோலைத் துப்பாமல் நெடுநேரம் மெல்லுவாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

“ரோரி சொன்னது நிஜமா இருந்துட்டா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இருந்துட்டா எல்லார் முன்னாடியும் நான் முட்டாள். அவ்வளவுதானே?” என்றாள். பிறகு கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினாள். “நான் வச்ச கொடி நெவ் இது. உங்கப்பா ஆப்பிள் மரத்தைப் பிடுங்கினப்ப இங்க எதுவும் வராதுன்னாங்க. வந்துச்சு. வந்தப்புறம் தனியா நிக்காதுன்னாங்க. நிக்குதா இல்லையான்னு யாரு பாத்தாங்க? ஒருத்தனும் நிக்கவச்சுப் பாக்கல.”

சனிக்கிழமை மழை வந்தது. தெற்கிலிருந்து சாய்வாக, குளிராக, பதினான்கு மணி நேரம். அதில் பாட முடியாது, பறவைகளும் வரவில்லை. ஜன்னலருகே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஈரம் குலைக்குள் தங்கினால் இரண்டே நாளில் சாம்பல் பூசணம் பிடிக்கும். பழத்துக்குள் தண்ணீர் ஏறினால் தோல் வெடிக்கும். ரோரியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “எப்படி இருக்கு?” மேரே போனைத் திருப்பி வைத்துவிட்டாள்.

ஞாயிறு விடியலில் மழை நின்றதும் நான் டிராக்டரைக் கிளப்பினேன். மருந்து அடிக்கும் இயந்திரத்தில் மருந்தும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் காற்றாடியை மட்டும் முழு வேகத்தில் வைத்து ஒவ்வொரு வரிசையாக ஓட்டினேன். இலைகள் வெள்ளையாகத் திரும்பித் துடித்தன, தண்ணீர் முத்து முத்தாகத் தெறித்தது. ஆறு மணி நேரம் ஓட்டினேன். இறங்கும்போது காது அடைத்துப்போயிருந்தது. ஆனால் மேரே ஒரு குலையைப் பிரித்து உள்ளே விரல் விட்டுப் பார்த்துவிட்டு, அந்த விரலை என் கன்னத்தில் வைத்தாள். காய்ந்திருந்தது.

அன்று மதியம் சரியாக இரண்டு மணிக்குக் கடற்காற்று வந்தது. எல்லோரும் குறை சொல்லும் அதே காற்று. மிச்சமிருந்த ஈரத்தை அதுதான் எடுத்துக்கொண்டு போனது. மேட்டு நிலத்தில் அந்தக் காற்று இல்லை. அங்கே கடைசியாக விட்டுவைத்த கொடிகளில் அழுகல் விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ஒன்பதாம் நாள் காலை மேரே என்னை எழுப்பவில்லை. நான் வெளியே போனபோது ஆறாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு குலையை என்னிடம் நீட்டினாள். காம்பு மரக்குச்சி மாதிரி முற்றிப் பழுப்பாகியிருந்தது. பழத்தின் தோலில் மெல்லிய சுருக்கம். கடித்தேன். கொட்டை வறுத்த மாதிரி நொறுங்கியது. முதலில் கறுப்புப் பழங்களின் இனிப்பு வந்தது. அது முடிந்தது என்று நினைத்தபோது மிளகு வந்தது. காரமாக இல்லை, தூரத்தில் யாரோ இடித்துக்கொண்டிருக்கும் மிளகு மாதிரி.

“பேசி முடிச்சுடுச்சா?” என்று கேட்டேன்.

“ஆன்ட்டிக்குப் போன் போடு. கத்தரிக்கோல் எடுத்துட்டு வரச் சொல்லு.”

பாடகர் குழுவோடு பதினான்கு பேர் சேர்ந்து பறித்தோம். வெட்டுவதற்கு முன்னால் ஆன்ட்டி வழக்கமான பிரார்த்தனையைச் சொன்னார். கடைசியில், “வெள்ளைக்கண்ணிகளையும் மன்னியும்” என்று தன்பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டார். ஒன்றரை டன் வந்தது. குருவி கொத்தியதைப் பொறுக்கித் தள்ளியும் ஒன்றரை டன்.

பழைய ஆப்பிள் கொட்டகையில்தான் நொதிக்க வைத்தோம். ஆப்பிளுக்கு வைத்திருந்த பெரிய தொட்டிகள் மூன்று. காம்பு பழுத்துவிட்டதால் மூன்றில் ஒரு பங்குக் குலைகளைக் காம்போடு முழுசாகப் போட்டாள் மேரே. பச்சைக் காம்பாக இருந்தால் ஒயின் கீரைத் தண்ணீர் ஆகியிருக்கும். பிறகு காலைக் கழுவிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி மிதித்தாள். நானும் இறங்கினேன். இரண்டு வாரம் தினமும் மூன்று முறை, மேலே மிதந்து வரும் தோலை உள்ளே அழுத்தினோம். கொட்டகை முழுக்க ரொட்டி மாவின் வாசனையும் ஊதாப்பூவின் வாசனையும். எங்கள் கால்கள் முழங்கால்வரை நீலமாகிவிட்டன. தேவாலயத்தில் ஈஸ்டர் அன்று அரைக்கால் சட்டையில் போய் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. கஸ் மட்டும் என் காலைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினான்.

பிழிந்தபோது நான்கு பீப்பாய் வந்தது. நான்கே நான்கு.

எங்கள் தென்கோளத்துக் குளிர்காலம் முழுவதும் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. மேரே வாரம் ஒருமுறை கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் கேட்கவில்லை. ஆனால் ஜூலையில் ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டே தானாகச் சொன்னாள்: “இன்னும் போகல, நெவ். மோந்து பாத்தேன். அப்புறமும் இருந்தோம்.”

செப்டம்பரில், கொடிகளில் முதல் மொட்டு வெடிக்கிற வாரம், ரோரி வந்தான். செய்தித்தாள் சுற்றிய ஒரு பாட்டில் கையில். மெலிந்திருந்தான்.

“முதல்ல என்னோடதைக் குடிங்க” என்றான்.

கொட்டகையின் தகரக் கூரை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மேரே வாங்கி மோந்தாள், குடித்தாள்.

“நல்லா கறுப்பா இருக்கு. தடிப்பா இருக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல.”

“அதேதான்” என்றான் ரோரி. “பிப்ரவரி வெயில்ல மேட்டு நிலம் வெந்துபோச்சு. பழம் ஜாம் ஆயிடுச்சு. உங்க முப்பது வரிசையைக் கலந்தும் பாத்தேன். பச்சை வாசனைதான் வருது. நான் சீக்கிரம் பறிச்சுட்டேன்.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் எங்களைப் பார்க்கவில்லை.

மேரே கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு எடுத்து அவன் கிளாஸில் ஊற்றினாள். “சாப்பிட வான்னு சொன்னேன்ல. வந்துட்ட.”

ரோரி மோந்து பார்த்தான். குடித்தான். கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய்விட்டான். பதினோரு வரிசைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள வேலிவரை நடந்தான். அங்கே நின்று இன்னொரு வாய் குடித்தான். மேரே பீப்பாயின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே சுத்தமாக இருந்த மூடி அது.

திரும்பி வந்தபோது அவன் கிளாஸ் காலியாக இருந்தது.

“இதுல எதையும் கலக்காதீங்க” என்றான். “ஒரு சொட்டுக்கூட. யாராவது கலக்கலாம்னு சொன்னா நம்பாதீங்க. இருபது வருஷமா இந்த வளைகுடாவுல ஒயின் பண்றேன், மேரே. மிளகு, பூ, அதுக்கப்புறம் உப்பா ஒண்ணு வருதே, அது என்னன்னு எனக்குத் தெரியல. தனியா நிக்குது. நான் சொன்னது தப்பு.”

மேரே தலையை நிமிர்த்தினாள். பதினான்கு வருடத்தில் அவள் தோள் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. வைரோவாவில் மேடை ஏறிப் பேசும் அவள் சொந்தக்காரர்கள் நிற்பது மாதிரி நின்றாள்.

“நெவ், கேட்டுக்கிட்டியா? நாளைக்கு ஆன்ட்டிகிட்ட வார்த்தை மாறாம சொல்லணும்.”

“கேட்டுக்கிட்டேன்.”

“கஸ்கிட்டயும்.”

“அவன்கிட்டப் போற வழியிலயே சொல்லிடறேன்.”

ரோரியும் சிரித்தான். ஆனால் கிளம்பவில்லை. கிளாஸைக் கழுவி, துடைத்து, மேஜையில் கவிழ்த்து வைத்தான். தான் கொண்டுவந்த பாட்டிலை மறுபடி செய்தித்தாளில் சுற்றினான், பிரித்தான். மேரே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சொல்லு” என்றாள்.

“இப்பத்தான் கலக்காதீங்கன்னு சொன்னேன். அதை மாத்திக்கல. உங்களோடதுல கலக்க வேண்டாம்.” அவன் நான்கு பீப்பாய்களையும் ஒன்று ஒன்றாகப் பார்த்தான். “இந்த வருஷத்து என் ஒயினுக்கு உசிர் இல்ல. என் பேருல போறது அது. மேட்டு நிலத்துல வேற யார்கிட்டயும் இது கிடைக்காது, எல்லாரும் ஒண்ணாத்தான் வெந்து கிடக்கோம். ஒரே ஒரு பீப்பாய், மேரே. என்னோடதுல கலந்துக்கக் கொடுங்களேன்.”